காலு வேகமா, கண்ணு வேகமா?

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எழுத வர முடியல. சம்பா அறுப்பு. எங்க வயல் பள்ளக்காடு, டயர் மெஷின் இறங்கினா சிக்கிக்கும், பெல்ட் மெஷின்தான் வேணும். அது கிடைக்கிறதுக்குள்ள பத்து நாள் ஓடிப்போச்சு. நெல்லைப் போட்டு, வைக்கோலைக் கட்டி, இப்பதான் கொஞ்சம் மூச்சு விடுறேன்.

இன்னைக்கு விவசாயம் எழுதப் போறதில்ல. கபடி எழுதப் போறேன். எங்க வீட்டுக்குள்ள இந்த ஒரு மாசமா ஓடிக்கிட்டு இருக்கிற பேச்சு அது. பட்டணத்துல இருந்து படிக்கிறவங்க 'கில்லி', 'வெண்ணிலா கபடி குழு' படத்துல பார்த்த கபடியை நினைச்சுக்காதீங்க. அதுல எல்லாம் பாடிப் போறவன்தான் கதாநாயகன். நான் சொல்லப்போறது கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பிடிக்கிறவங்களைப் பத்தி. அதுலயும் ஓரத்துல நிக்கிற கார்னர் ஆட்டக்காரங்களைப் பத்தி.

என் தம்பி மகள் ஒன்பதாவது படிக்கிறா. பதினாலு வயசு. ஆறாவதுல இருந்து கபடி ஆடுறா. ரைட் கார்னர். எங்க ஊர்ல பொம்பளைப் பிள்ளைங்க கபடி ஆடுறதுக்கு முன்னெல்லாம் யாரும் ஒத்துக்க மாட்டாங்க. போன அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும், மன்னார்குடி பக்கம் வடுவூர் அபினேசும் தங்கம் வாங்கிட்டு வந்தாங்கள்ல, அதுக்கப்புறம் டீக்கடைப் பேச்சே மாறிப்போச்சு. "பிள்ளை ஆடுனா ஆடட்டும்பா"ன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டாங்க. அரசு வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்குன்னு வேற எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

தம்பி குடும்பம் பெரிய வசதி இல்ல. 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னால கஜா புயல் அடிச்சப்ப அவன் தென்னந்தோப்பு முழுசா சாஞ்சுது. அதுக்கப்புறம் டிராக்டர் ஓட்டுறான். தம்பி பொண்டாட்டி அரைக்காணியில முல்லை போட்டு கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் பூ அனுப்புது. அதனால அந்தப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டு விடுதியில இடம் கிடைச்சா சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் நடந்துரும்னு குடும்பமே எதிர்பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

மார்கழியில ஒரு ஊர்ல தேர்வு நடந்துச்சு. எந்த ஊர், யார் நடத்துனதுன்னு எழுதல, அது இங்க வேண்டாம். நான்தான் பாப்பாவை பஸ்ல கூட்டிட்டுப் போனேன். காலையில வரிசையா நிக்க வச்சு முப்பது மீட்டர் ஓடச் சொன்னாங்க. கையில ஸ்டாப்வாட்ச். அப்புறம் நின்ன இடத்துல இருந்து தாண்டச் சொன்னாங்க. அந்தக் கணக்கை வச்சு பிள்ளைங்களை ரெண்டு கூட்டமா பிரிச்சுட்டாங்க. வேகமா ஓடின கூட்டத்துக்கு ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல வச்சாங்க. மெதுவா ஓடின கூட்டத்துக்கு பத்து நிமிஷம். பாப்பா ரெண்டாவது கூட்டம். பத்து நிமிஷத்துல ரெண்டு பேரைப் பிடிச்சா, ரெண்டு பேரை விட்டுட்டா. சாயங்காலம் பேர் வாசிச்சாங்க. இவ பேர் இல்ல.

பஸ்ல வரும்போது ஒரு வார்த்தை பேசல. கந்தர்வகோட்டை தாண்டினப்புறம்தான் கேட்டா: "பெரியப்பா, கபடியில எங்க முப்பது மீட்டர் ஓடுறோம்?"

எனக்கு உடனே பதில் வரல. அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

அவ கேட்டது நியாயமான கேள்வி. ஆம்பளைங்க ஆடுற கபடிக் களம் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். அதுல பாதிதான் ஒரு அணிக்கு. ஆறரை மீட்டர் ஆழம். ரெண்டு பக்கமும் லாபி ஒரு மீட்டர் போச்சு. பொம்பளைப் பிள்ளைங்க களம் இன்னும் சின்னது. எங்க வீட்டு நெல்லு காயப்போடுற களம் அதைவிடப் பெருசு. அதுக்குள்ள ஏழு பேர் நிக்கிறாங்க. கார்னர்ல நிக்கிறவ ஒரு பிடிக்கு மூணு எட்டு, நாலு எட்டு வைப்பா. முழு வேகம் பிடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோகும்.

நான் பத்தாவதுக்கு மேல படிக்கல, ஆனா கணக்கு கொஞ்சம் வரும். போட்டுப் பாருங்க. நாலு மீட்டர் தூரத்துல, ஒருத்தியைவிட இன்னொருத்தி பத்துல ஒரு பங்கு வேகமா ஓடுறான்னா, முடியுற இடத்துல 40 சென்டிமீட்டர் முன்னால இருப்பா. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவே, ரெண்டு பேரும் வினாடிக்கு நாலு மீட்டர் வேகத்துல போறாங்க, ஒருத்தி மட்டும் கால் வினாடி முன்னால கிளம்பிட்டான்னு வைங்க. அவ ஒரு மீட்டர் முன்னால இருப்பா. கால் வினாடிங்கிறது கண்ணை இமைக்கிற நேரம். அதுக்கு ஒரு மீட்டர்.

அந்தக் கால் வினாடி எங்க இருந்து வருது? கண்ணுல பட்டு, மண்டைக்குப் போயி, கால் அசையுறதுக்கே மனுசனுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். நூறு மீட்டர் ஓட்டத்துல துப்பாக்கி வெடிச்ச பத்துல ஒரு பங்கு வினாடிக்குள்ள கால் அசைஞ்சா அது தப்பான தொடக்கம்னு விதியே இருக்கு. அவ்வளவு சீக்கிரம் சத்தத்தைக் கேட்டு யாராலயும் கிளம்ப முடியாது, முன்கூட்டியே கிளம்பியிருக்கான்னு அர்த்தம். ஓட்டத்துல அது குத்தம். கபடியில அதுதான் வித்தை. அந்தப் பக்கத்துக்காரி என்ன செய்யப்போறான்னு அவ செய்யறதுக்கு முன்னால தெரிஞ்சவதான் பிடிப்பா.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

1989. எனக்கு இருபது வயசு. எங்க ஊர் அணியில நான் லெப்ட் கார்னர். ஊர்லயே வேகமான ஆளு நான்தான். முயலை விரட்டிக்கிட்டு கடலைக்கொல்லையில ஓடின காலு. ரைட் கார்னர்ல எங்களுக்கு ஒரு மாமா நிப்பார். ஊர்ல அவரைக் கொக்குன்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு காலை லேசா மடக்கி, கண்மாய்க்கரையில கொக்கு நிக்கிற மாதிரியே நிப்பார். அப்பவே அவருக்கு முப்பத்தி நாலு வயசு இருக்கும். ஓடச் சொன்னா ஆட்டுக்குட்டிகூட அவரை முந்திரும்.

மாசி மாசம், பக்கத்து ஊர் திருவிழா ஆட்டம். கடைசிப் போட்டி. ஒரு புள்ளி நாங்க முன்னால. கடைசிப் பாட்டு. அறந்தாங்கிப் பக்கத்துல இருந்து வந்த ஆள், நல்ல உயரம், பாடி வந்தான். என் பக்கம் வந்து வலது காலை நீட்டினான். அந்தக் காலு அப்படியே என் கைக்கு வந்த மாதிரி இருந்துச்சு. பாஞ்சேன். என் வேகத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா அங்க காலு இல்ல. அவன் நீட்டினது பொய்க்காலு. நான் தரையில கிடக்க, என் முதுகுக்கு மேல தாண்டி, கவர்ல நின்னவனையும் தொட்டுட்டுக் கோட்டுக்குப் போயிட்டான். தோத்தோம். எனக்குத் தோள்பட்டை இறங்கிப்போச்சு. புத்தூர்க் கட்டு போட்டு நாப்பது நாள் இருந்தேன். இன்னைக்கும் மம்பட்டியை ஓங்கினா அந்தத் தோளு சொல்லும்.

ராத்திரி வீடு திரும்பும்போது கொக்கு மாமா திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "மாப்ள, நீ அவன் காலைப் பார்த்த. காலும் கையும் பொய் சொல்லும்டா. இடுப்பைப் பாரு. இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம்தான் ஆள் போவான். இடுப்பை விட்டுட்டு எவனும் தனியா போக முடியாது."

அப்புறம்தான் அவரைக் கவனிக்க ஆரம்பிச்சேன். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே போயி டீக்கடையில உக்காந்துருவார். எதிரணி ஆளுங்க வந்து இறங்குறதைப் பார்த்துக்கிட்டே இருப்பார். எவன் எந்தக் காலுல முதல்ல செருப்பு மாட்டுறான், எவன் எந்தக் காலை லேசா தாங்கி நடக்கிறான். ஆட்டம் தொடங்கினா முதல் ரெண்டு பாட்டுக்கு எதுவும் செய்ய மாட்டார். சும்மா நிப்பார். "பிடிங்க மாமா"ன்னு நாங்க கத்துவோம். மூணாவது பாட்டுல காலு அவர் கையில இருக்கும். எப்ப பிடிச்சார்னே தெரியாது.

அவருக்குக் காதும் ஒரு கண்ணு. அப்ப எங்க ஊர் ஆட்டத்துல இப்ப மாதிரி 30 வினாடிக் கணக்கெல்லாம் கிடையாது. மூச்சுதான் கணக்கு. கபடி கபடின்னு பாடி வர்றவன் குரல் எப்ப மெலியுது, எப்ப வார்த்தை நெருங்கிக்கிட்டு வருதுன்னு கேட்டுக்கிட்டே இருப்பார். மூச்சு குறைஞ்சா திரும்பித்தான் ஆகணும். திரும்புற அந்த நேரத்துல ஒரு எட்டு, ஒரு கை. அவ்வளவுதான் அவர் ஓட்டம். நாப்பது வயசு வரைக்கும் எங்க அணியில அவருக்குப் பதில் ஆள் கிடைக்கல.

கொக்கு மாமாவைச் சொன்னா ஊர்ப்பெருமைன்னு நினைப்பீங்க. உலகமே பார்த்த ஒருத்தரைச் சொல்றேன். எங்களுக்குப் பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், தர்மராஜ் சேரலாதன். 1975-ல பிறந்தவர். புரோ கபடி தொடங்குனது 2014. அப்பவே அவருக்கு நாப்பதை நெருங்குற வயசு. மத்தவங்க ஆட்டத்தை விட்டுட்டுப் பயிற்சியாளரா போற வயசுல, அவர் ரைட் கார்னர்ல நின்னு பாதி வயசுப் பையன்களைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார். 2016-ல பாட்னா அணிக்குத் தலைவரா இருந்து கோப்பையை வாங்கினார். அதே வருஷம் அக்டோபர்ல அகமதாபாத்ல நடந்த உலகக் கோப்பையில, ஈரானை ஜெயிச்ச இந்திய அணியில அவரும் இருந்தார். அப்ப 41 வயசு. 2019-லயும் ஹரியானா அணியில ஆடினார். அண்ணான்னுதான் எல்லா அணிக்காரனும் கூப்பிடுவான். இருபது வயசுப் பையன் கூட முப்பது மீட்டர் ஓடச் சொன்னா அவர் எங்க நிப்பார்? அந்த ஸ்டாப்வாட்ச் அவரை எந்தக் கூட்டத்துல போட்டிருக்கும்?

என் அக்கா மகன் அமெரிக்காவுல டல்லாஸ்ல வேலை பார்க்கிறான். போன்ல இதைச் சொன்னேன். "மாமா, இங்கயும் இதே சண்டைதான்"ன்னு சிரிச்சான். அவங்க ஊர் புட்பால் நம்ம பந்தாட்டம் இல்ல, பந்தைக் கையில வச்சுக்கிட்டு மோதிக்கிட்டு ஓடுறது. அதுல லைன்பேக்கர்னு ஒரு இடம் இருக்காம். நடுவுல நின்னு, பந்து எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்துப் பாஞ்சு ஆளைச் சாய்க்கணும். நம்ம கபடி பிடிக்கிறவன் வேலைதான். அதுக்கு ஆள் எடுக்கும்போது 40 கஜம் ஓட விட்டு வினாடிக் கணக்கு எடுப்பாங்களாம். 1996-ல சாக் தாமஸ்னு ஒருத்தரை, குட்டை, அவ்வளவு வேகம் இல்லைன்னு ஒதுக்கி, 153 பேரை எடுத்ததுக்கு அப்புறம்தான் மயாமி அணி எடுத்துச்சாம். அந்த மனுசன் பந்து கிளம்புறதுக்கு முன்னாலயே ஆட்டத்தைப் படிச்சுருவாராம். 2023-ல அந்த விளையாட்டோட பெரிய புகழ் மண்டபத்துல அவர் பேரைச் சேர்த்தாங்க.

இதையெல்லாம் பாப்பாகிட்ட சொன்னேன். கொஞ்சம் முகம் தெளிஞ்சுது. நானும் ஏதோ பெரிய நியாயம் சொல்லிட்ட மாதிரி இருந்தேன். அதோட இந்தப் பதிவை முடிச்சிருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா பொங்கலுக்கு எங்க ஊர்ல நடந்த ஆட்டம் வேற ஒண்ணைக் காட்டுச்சு.

இந்த வருஷம் முதல் முறையா பொம்பளைப் பிள்ளைங்களுக்கும் மின்னொளிக் கபடி வச்சோம். நாலு அணி. தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து வந்த அணியில ஒரு பிள்ளை, பதினாறு வயசு இருக்கும். அது ஓடல, பறந்துச்சு. எங்க ஊர்ப் பிள்ளைங்க அந்த மாதிரி ஒரு பாட்டைப் பார்த்ததே இல்ல.

நான் ரைட் கார்னர் பக்கமாத்தான் கயிறை ஒட்டி நின்னேன். முதல் தடவை அந்தப் பிள்ளை பாடி வந்தப்ப, பாப்பா இடுப்பைத்தான் பார்த்தா. சரியாவே கணிச்சா. திரும்பறதுக்கு முன்னாலயே எட்டு வச்சுட்டா. விரல் குதிகால்ல பட்டுச்சு. ஆனா பிடிபடல. நாலு விரக்கடை பத்தல. அந்த நாலு விரக்கடையை எந்தக் கண்ணு கொடுக்கும்? அது காலு கொடுக்க வேண்டியது.

அடுத்த தடவை அதைச் சரிக்கட்டணும்னு இன்னும் முந்திக் கிளம்பினா. அந்தப் பிள்ளை அதைப் பார்த்துருச்சு. பார்த்து, அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பி, கவர்ல நின்ன பிள்ளையைத் தொட்டுட்டுப் போயிருச்சு. நமக்கு மட்டும்தானா கண்ணு இருக்கு? எதிர்ல வர்றவளும் நம்மைப் படிக்கிறாள்ல. ரொம்ப முந்தினா அதுவும் பொய்க்காலைப் பிடிச்ச கதைதான்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. தேர்வு நடத்துனவங்களை மனசுக்குள்ள ஒரு மாசமா திட்டிக்கிட்டு இருந்தேன். அவங்க செஞ்சது முழுசும் தப்புன்னு இப்பச் சொல்ல முடியல. எங்க ஊர்லயும் பக்கத்து ஊர்லயும் வர்ற ஆட்டக்காரிங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணு அவளுக்கு. அந்த வேகத்துக்குத்தான் அந்தக் கண்ணு. மேல போகப்போக வர்றவங்க எல்லாம் அந்தத் தஞ்சாவூர்ப் பிள்ளை மாதிரித்தான் வருவாங்க. கண்ணு சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர ஒரு அளவு காலும் வேணும். கொக்கு மாமா எங்க வட்டாரத்துக்குப் போதுமான ஆட்டக்காரர். அதுக்கு மேல அவர் ஆடிப் பார்க்கல, அதனால அவரால முடிஞ்சிருக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. சேரலாதனும் இருபது வயசுல நல்ல காலு இருந்தவராத்தான் இருந்திருப்பார், அது தேயத்தேயக் கண்ணு அந்த இடத்தை நிரப்பியிருக்கும்.

ஆனா அந்த ஆட்டத்துல ரெண்டாவது பாதியும் இருக்கு. அதையும் சொல்லணும்.

இடைவேளைக்கு அப்புறம் பாப்பா நிக்கிற இடம் மாறியிருந்துச்சு. அரை எட்டு உள்ளே வந்து, கொஞ்சம் பின்னால இறங்கி நின்னா. யாரும் சொல்லிக் கொடுக்கல. எனக்கே முதல்ல ஏன்னு புரியல. அந்தப் பிள்ளை பாப்பாவைத் தொடணும்னா இப்ப இன்னும் ஒரு எட்டு உள்ளே வரணும். உள்ளே வந்தா திரும்பிப் போற தூரம் கூடும். தன்கிட்ட இல்லாத நாலு விரக்கடையை எதிராளி தூரத்துல இருந்து எடுத்துக்கிட்டா. மூணு தடவை சும்மா விட்டா. நாலாவது தடவை அந்தப் பிள்ளை ஆழமா வந்துச்சு. திரும்புற நேரத்துல கணுக்காலு பாப்பா கையில. கவர்ல நின்ன பிள்ளை வந்து இடுப்பைக் கட்டிருச்சு. விசில் சத்தத்துல எனக்குக் காது அடைச்சுப்போச்சு.

அதே மாதிரி இன்னொரு தடவையும் பிடிச்சா. ஆனாலும் ஆறு புள்ளியில தோத்துட்டோம். அந்தப் பறக்கிற பிள்ளைதான் சிறந்த ஆட்டக்காரி. நியாயமான பரிசு. அந்தப் பிள்ளையே வந்து பாப்பா தோள்ல கை போட்டு, "நீ எங்கக்கா ஆடுற, எந்த ஹாஸ்டல்?"னு கேட்டுச்சு. ரெண்டு வயசு சின்னவளை அக்கான்னு சொன்னதுல இவளுக்கு ஒரே சிரிப்பு. ஹாஸ்டல் இல்லைன்னு சொல்லும்போது மட்டும் சிரிப்பு நின்னுச்சு.

இந்த இடம் மாத்தி நிக்கிற புத்தி எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். உள்ளுணர்வுன்னு சொல்றாங்க, பிறவியிலயே வர்றதுன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. அந்தப் பிள்ளை தினமும் விடியக்காலம் மூணு மணிக்குத் தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு அம்மா கூட முல்லை பறிக்கப் போகுது. நீங்க வந்து பார்க்கணும். ஒரு செடியில நூறு மொட்டு இருக்கும். இன்னைக்கு எடுக்க வேண்டியது எது, நாளைக்கு விட வேண்டியது எதுன்னு கை யோசிக்கிறதே இல்ல. நான் போயிப் பறிச்சா பாதி பிஞ்சா இருக்கும், தம்பி பொண்டாட்டி "மாமா, நீங்க வரப்புல உக்காருங்க"ன்னு மரியாதையா ஓரங்கட்டிரும். அது பிறவி ஞானமா? ஆறு வருஷம் பறிச்ச கை. கபடியும் அப்படித்தான். எத்தனை பேர் பாடி வந்ததைப் பார்த்திருக்கோமோ அத்தனை கண்ணு. அதை யாரும் முப்பது மீட்டர்ல அளக்க முடியாது. பத்து நிமிஷ ஆட்டத்துலயும் அளக்க முடியாது. மூணு பாட்டை விட்டுட்டு நாலாவதைப் பிடிக்கிறவளுக்குப் பத்து நிமிஷம் எப்படிப் போதும்?

அதனால என் கணக்கு இப்ப இப்படி இருக்கு. வேகம் வாசல் மாதிரி. அது இல்லாம உள்ளே விட மாட்டாங்க, விடாததுக்குக் காரணமும் இருக்கு. உள்ளே போனப்புறம் ஆட்டத்தை ஆடுறது கண்ணுதான். தேர்வு பார்க்கிறவங்க மேல எனக்கு இப்ப ஒரே ஒரு மனக்குறைதான். ஓட விடுங்க, தாண்ட விடுங்க, ஆனா ஓட்டத்தை வச்சு ஆட்ட நேரத்தைக் குறைக்காதீங்க. மெதுவா ஓடுறவளுக்குத்தான் இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்துப் பார்க்கணும். வேகம் முதல் நிமிஷத்துலயே தெரியும். கண்ணு தெரிய நேரமாகும்.

இப்ப வீட்டு விஷயம். தம்பி பிள்ளையை நிறுத்தச் சொல்லிட்டான். "ஒரு தடவை பார்த்தாச்சு. எடுக்கல. பத்தாவது வருது, படிக்கட்டும்"னு சொன்னான். அவன் சொல்றதுலயும் தப்பில்ல. தோப்பு போனப்ப இருந்து அவன் எதையும் ரெண்டாவது தடவை நம்புறதில்ல. நான் ஒண்ணும் வாதாடல. கட்டுன வைக்கோலை ஏத்தும்போது ரெண்டு பேரும் மட்டும் இருந்தோம். என் தோளு சொடக்குன்னு சத்தம் போட்டுச்சு. "இன்னும் அந்த அறந்தாங்கிக்காரன் விடலையா?"ன்னு சிரிச்சான். அப்பத்தான் சொன்னேன்: "எனக்கு அன்னைக்குக் காலு இருந்துச்சு, கண்ணு இல்லடா. கண்ணு வந்தப்ப காலு போயிருச்சு. பாப்பாவுக்குப் பதினாலு வயசுலயே கண்ணு வந்துருச்சு. காலு வர இன்னும் வயசு இருக்கு."

அவன் பதில் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு விடியக்காலம் கண்மாய்ப் பக்கம் போனேன். பூ எடுத்து முடிச்சுட்டு கரை மேல பாப்பா ஓடிக்கிட்டு இருந்தா. மதகுல இருந்து புளியமரம் வரைக்கும். அளந்து பார்த்தேன், சுமாரா முப்பது மீட்டர். மதகுக் கட்டையில தம்பி உக்காந்திருந்தான். கையில போன், ஸ்டாப்வாட்ச் ஓடிக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பார்த்துட்டு, "நீ ஒண்ணும் பேசாத அண்ணே, பத்தாவது பரீட்சைக்கும் படிக்கணும்னு சொல்லித்தான் விட்டிருக்கேன்"னான்.

நான் ஒண்ணும் பேசல. தண்ணிக்குள்ள ஒரு கொக்கு நின்னுக்கிட்டு இருந்துச்சு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு வந்தேன்.

அடுத்த தேர்வுக்கு இன்னும் பத்து மாசம் இருக்கு. எடுப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியாது. எதுவா இருந்தாலும் இங்க எழுதறேன். நாளைக்கு மேட்டுக்கொல்லையில கடலை விதைப்பு, ஆள் வருது. விதைக் கடலை உடைக்கணும், வர்றேன்.